சாவித்துளைக்குப் பின்னால் ஒரு பொட்டு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல, என் கார் மக்கர் பண்ணியதால் கிடைத்தது.

என்னிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. யுத்தத்துக்கு முன்னால் எந்தத் தோட்டத்துத் துரைக்காகவோ கப்பலில் வந்து இறங்கியது. கைமாறிக் கைமாறி, இப்போது சிரம்பான் ரஹாங்கில் என் வீட்டு வாசலில் நிற்கிறது. "இத தொடைக்கிற நேரத்துல பாதி என்னக் கவனிச்சிருந்தா நான் இன்னும் இளமையா இருந்திருப்பேன் லா" என்பார் என் வீட்டுக்காரர் தங்கராஜு. பொறாமை, விடுங்கள்.

போன மாதம் பாரோய் சந்தைக்குப் போய்விட்டு, காய்கறிப் பையோடு ஏறி உட்கார்ந்தால் வண்டி கிளம்பவில்லை. காலால் பொத்தானை மிதித்தால் செல்ஃப் சுற்றுகிறது. 'கிர்ர், கிர்ர்' என்று இன்ஜினும் சேர்ந்து சுற்றுகிறது. ஆனால் பிடிக்க மாட்டேன் என்கிறது. வெயில் மண்டையைப் பிளக்கிறது, பையில் மீன் வேறு. கடைசியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். அன்று சாயங்காலம் நானே திருப்புளியை எடுத்துக்கொண்டு, முன்பலகைக்குக் கீழே தலையை விட்டு, சாவி சுவிட்சைக் கழற்றினேன்.

சுவிட்சின் பின்பக்கம் திறந்துதான் இருக்கும். சாவியைத் திருப்பினால் ஒரு பித்தளைத் தகடு நகர்ந்து ஒரு முளையைத் தொடும். தொட்டால் மின்சாரம் போகும், தொடாவிட்டால் போகாது. அவ்வளவுதான் சூட்சுமம். அந்தத் தகடும் முளையும் தொடுகிற இடத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. விரல் நுனியளவு. வட்டமாக.

"கிரீஸா இருக்கும்" என்றார் தங்கராஜு.

"கிரீஸ் இவ்ளோ வட்டமாவா இருக்கும்?"

"அப்ப மெழுகா இருக்கும்."

இருக்கலாம். ஆனால் எனக்கு அது பொட்டாகத்தான் தெரிந்தது. யாரோ மோதிர விரலால் தொட்டு வைத்த பொட்டு. அது மட்டும்தான் என் கையில் இருக்கிற நிஜம். மீதியெல்லாம் என் கைச்சரக்கு. (இல்லை, இன்னொன்றும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.)

2

முதல் தொடக்கம்:

"ஜப்பான்காரன் காலம். ஆயுத பூசைக்கு மறுநாள் காலை, ரப்பர் மரங்களின் நடுவே மஞ்சு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தபோது..."

மஞ்சு எதற்கு? தோட்டத்துக் கதை என்றாலே ஆளாளுக்கு மஞ்சை இறக்கிவிடுகிறார்கள். அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்:

"டிரைவர் சன்னாசி சாவியைத் திருப்பினான். காடி பொணம் மாதிரிக் கிடந்தது."

(காடி என்றால் எங்கள் பக்கத்தில் கார்.) கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தப்பு. இந்தக் காரில் சாவி வேறு, செல்ஃப் வேறு. இன்ஜினைச் சுற்றிவிடுவது செல்ஃப், அதற்குக் காலடியில் பொத்தான். சுற்றுகிற இன்ஜினுக்குள் நெருப்புப் பொறியைக் கொடுப்பது சாவி வேலை. சாவி சுவிட்ச் கெட்டால் செல்ஃப் பாட்டுக்குச் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. பொணம் மாதிரியெல்லாம் கிடக்காது, நன்றாகச் சத்தம் போடும். கதைக்காகக் காரைப் பற்றிப் பொய் சொல்ல எனக்கு வராது. மனிதர்களைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்வேன்.

மூன்றாம் தொடக்கம்:

"நீலாவதிக்கு ஒரே ஒரு தம்பி."

எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். இதுதான் சரியான தொடக்கம். ஆனால் இங்கே தொடங்கினால் கதை மளமளவென்று ஓடி முடிந்துவிடும். எனக்கு அவ்வளவு சீக்கிரம் முடிய வேண்டாம். காரணம் கேட்காதீர்கள், இப்போதைக்கு.

3

சரி, வளவளவென்று பேசாமல் இடத்தைச் சொல்கிறேன்.

இரட்டைப் பாலத் தோட்டம் என்று ஒன்று இல்லை, போய்த் தேடாதீர்கள். சிரம்பானிலிருந்து கோலா கிளாவாங் போகிற பாதையில், மலையேற்றம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் நானே அதை நட்டுவைத்திருக்கிறேன். ஜப்பான்காரன் வருகிறான் என்று கேள்விப்பட்டதும் அந்தத் தோட்டத்துத் துரை கிடைத்த லாரியில் ஏறிச் சிங்கப்பூருக்கு ஓடிவிட்டார். அவருடைய காடி கொட்டகையிலேயே நின்றுவிட்டது. ஓட்டிக்கொண்டிருந்த சன்னாசியும் அதோடு நின்றுவிட்டான். அப்புறம் ஒரு ஜப்பான் ஆபீசர் வந்து, காடியையும் சன்னாசியையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்.

(ஆபீசருக்குப் பெயர் வைக்கவில்லை. தோட்டத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லியிருக்க மாட்டார்கள். கண்டதும் இடுப்பு வரை குனிந்திருப்பார்கள், குனியாதவன் அறை வாங்கியிருப்பான்.)

ரப்பரை வாங்க ஆளில்லை. பால் வெட்டு நின்றுபோய், எல்லாரும் மரவள்ளி நட்டு, மரவள்ளி தின்று, மரவள்ளியாகவே ஆகிக்கொண்டிருந்த காலம். அப்போதுதான் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். முதலில் போன லாரியிலிருந்து ஒருத்தரும் திரும்பவில்லை. ஒரு சேதிகூட வரவில்லை. அதற்குப் பிறகு லாரிச் சத்தம் கேட்டாலே ஆம்பிளைகள் காட்டுக்குள் ஓடினார்கள்.

சன்னாசியை மட்டும் யாரும் தொடவில்லை. காடி ஓடுகிற வரைக்கும் அவன் வேண்டும்.

4

அந்த வருஷ ஆயுத பூசை அன்று சாயங்காலம், கிராணி திருநாவுக்கரசு சன்னாசியின் லயத்து வரிசை வீட்டு வாசலில் வந்து நின்றார். கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் கணக்குப்பிள்ளை. ஆபீசருக்கும் சனங்களுக்கும் நடுவில் பேச்சை மொழிபெயர்ப்பதும் அவர்தான்.

"சன்னாசி, நாளைக்கு விடிஞ்சதும் காடி ரெடியா இருக்கணும். மலைக்கு அந்தப் பக்கம், கிளாவாங் தோட்டத்துக்கு ஆபீசர் போறாரு. அவரு போனாத்தான் லாரியும் பின்னால கெளம்பும்."

"ஆள் எடுக்கவா, கிராணியாரே?"

"பின்ன? விருந்துக்கா?"

உள்ளே சன்னாசியின் பெண்சாதி நீலாவதி மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தாள். அம்மிச் சத்தம் நின்றது. கிளாவாங் தோட்டத்தில்தான் அவளுடைய தம்பி மணியம் இருக்கிறான். தாய் தகப்பன் போனபிறகு இவள் இடுப்பிலேயே வளர்ந்த பிள்ளை. வாட்டசாட்டமானவன். லாரிக்காரன் முதலில் அவனைத்தான் இழுப்பான்.

அவள் வாசல் வரைக்கும் வந்தாள். "நாளைக்கு காடி ஓடலன்னா?"

கிராணி திரும்பிப் பார்த்தார். "ஓடலன்னா ஓட்டுறவன் எதுக்கும்மா? லாரியில அவனுக்கும் ஒரு எடம் இருக்கும்."

இதுதான் கதை, பாருங்கள். காடி காலையில் கிளம்பினால் தம்பி போவான். கிளம்பாமலே போனால் புருஷன் போவான்.

5

இப்போது அந்தப் பொட்டு.

போன வருஷ ஆயுத பூசைக்குச் சன்னாசி காடியின் மூக்கில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தான். ஆபீசர் பார்த்துவிட்டு, "கோத்தோர்!" என்று கத்தினார். அழுக்காம். கையுறையாலேயே துடைத்துவிட்டு, அதே கையுறையால் அவனை ஓங்கி அறைந்தார். அதனால் இந்த வருஷம் காடிக்குப் பொட்டு கிடையாது என்று சன்னாசி முடிவு பண்ணியிருந்தான்.

நீலாவதி முடிவு பண்ணவில்லை. ஊரில் உள்ள அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் அன்றைக்குப் பொட்டு உண்டு. சோறு போடுகிற காடியை மொட்டை நெற்றியோடு விடுவாளா? சந்தனம் கண்ணில் பட்டுப் பல மாதம் ஆகிவிட்டது. மரவள்ளி மாவில் மஞ்சளைக் குழைத்தாள். விளக்கு வைத்ததும் கொட்டகைக்குப் போனாள். ஆபீசர் கண்ணில் படாத இடமாகப் பார்த்து, முன்பலகைக்குக் கீழே கையை விட்டு, சாவித்துளைக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தாள்.

(அந்தக் காலத்தில் சுவரில் காகிதம் ஒட்ட மரவள்ளி மாவைத்தான் காய்ச்சினார்கள். காய்ந்தால் கல்.)

அந்த இடம் அவளுக்கு எப்படித் தெரியும்? கொஞ்ச நாளைக்கு முன்னால் சன்னாசி அதே சுவிட்சைக் கழற்றிச் சுத்தம் பண்ணியபோது விளக்குப் பிடித்தவள் அவள்தான். "இந்தத் தகடு போய் அதத் தொட்டாத்தான் புள்ள, காடிக்கு உசுரு" என்று அப்போது காட்டியிருந்தான்.

இங்கேதான் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. நானே பெற்ற பாத்திரம், நானே சந்தேகப்படுகிறேன்.

உயிர் இருக்கிற இடம் என்று புருஷன் சொன்னதால், அங்கே பொட்டு வைத்தால் காடியும் அவனும் நல்லபடியாக இருப்பார்கள் என்று வைத்தாளா? அல்லது தகடு தொடாவிட்டால் காடி நகராது என்று தெரிந்தே வைத்தாளா?

"தெரிஞ்சேதான் வச்சா" என்றார் தங்கராஜு, படித்துவிட்டு. "தம்பிக்காக."

"புருஷன் தல போகும்னு தெரிஞ்சுமா?"

"அதுக்கு அவன் ரிப்பேர் பண்ணிக்குவான்னு நம்பியிருப்பா."

இந்த மனுஷனுக்குள் இப்படி ஒரு யோசனை இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் நான் நினைத்ததில்லை. ஆனாலும் கதையில் நான் எதையும் முடிவு செய்யவில்லை. நீலாவதி கும்பிட்டுக்கொண்டே கெடுத்திருக்கலாம், கெடுத்துக்கொண்டே கும்பிட்டிருக்கலாம். அவளிடம் கேட்டால், "பொட்டுதான வச்சேன்" என்பாள்.

6

காலை. சன்னாசி எழுந்தபோது நீலாவதி வீட்டில் இல்லை.

"கீர பறிக்கப் போறேன்னு கூடைய எடுத்துக்கிட்டு அப்பவே போய்ட்டாளே" என்றாள் பக்கத்து வீட்டுப் பஞ்சாலை. "மலப்பக்கமாப் போனா."

கீரைக்கு மலைப்பக்கம் யார் போவார்கள்? அவன் அப்போது அதை யோசிக்கவில்லை. கொட்டகைக்குப் போய்ச் சாவியைத் திருப்பினான், பொத்தானை மிதித்தான். 'கிர்ர், கிர்ர்.' பிடிக்கவில்லை.

கார் வைத்திருக்கிறவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை என்றால், எதையும் கழற்றுவதற்கு முன்னால் முன்பலகையைப் பாருங்கள். சாவியைத் திருப்பினால் அங்கே குட்டியாக ஒரு சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எரியவில்லையா? நேராகச் சாவி சுவிட்சுக்குப் போங்கள். வேறு எங்கேயும் அலைய வேண்டாம்.

சிவப்பு விளக்கு எரியவில்லை. சன்னாசி உடனே கீழே கையை விட்டான். விரலில் சொரசொரப்பாக ஏதோ பட்டது. நகத்தால் லேசாகச் சுரண்டி முகர்ந்தான். மஞ்சள்.

மஞ்சள் வாசனையோடு கீரைக்கூடை ஞாபகம் வந்தது. கூடையோடு மலைப்பக்கம் ஞாபகம் வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் மணியம்.

"அடிப்பாவி" என்றான் வாய்க்குள்ளேயே. பயந்துதான் போனான். கூடவே சிரிப்பும் வந்தது.

குறுக்குப் பாதையில் ஏறி இறங்கி அவள் போய்ச் சேர எப்படியும் மதியம் தாண்டும். சேதி சொல்லி, மணியம் காட்டுக்குள் ஒளிய இன்னும் கொஞ்சம் நேரம். அதுவரை இந்தக் காடி கிளம்பக் கூடாது. அதற்கப்புறம் கிளம்பியே ஆக வேண்டும்.

7

ஆபீசர் வந்தார். கிராணியும் வந்தார். சன்னாசி குனிந்து நிமிர்ந்து, முன்பலகையின் சிவப்பு விளக்கு எரியாதது அவர்கள் கண்ணில் படாதபடி அதன்மேல் அழுக்குத் துணியைப் போட்டான்.

"பெட்ரோல் அடச்சிருக்குங்க" என்றான். நம்பக்கூடிய பொய்தான். அப்போது ரப்பரைக் காய்ச்சி எடுத்த எண்ணெயைத்தான் காடிக்கு ஊற்றினார்கள். அது குழாயெல்லாம் பிசுபிசுவென்று பிடித்துக்கொள்ளும். எண்ணெய் டாங்கியிலிருந்து தொடங்கினான். குழாயைக் கழற்றினான், வாயால் ஊதினான், வெயிலில் காயவைத்தான். பிறகு பிளக்குகள். ஒவ்வொன்றாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, மணல் போட்டுத் தேய்த்தான். நல்ல டிரைவர் கடைசியில் போகிற இடத்துக்கெல்லாம் முதலில் போனான். முதலில் போக வேண்டிய இடத்தைத் தொடவே இல்லை.

நடுநடுவே ஆபீசர், "செப்பாட்! செப்பாட்!" என்று கத்தினார். சீக்கிரமாம். சன்னாசி குனிந்தான், நிமிர்ந்தான், இன்னொரு ஆணியைக் கழற்றினான்.

கிராணி திருநாவுக்கரசை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. முதல் பிரதியில் அவர் துணியைத் தூக்கிப் பார்த்து, "லைட்டே எரியலயே, சுவிட்ச்சப் பாருடா" என்று காட்டிக்கொடுத்தார். தங்கராஜுவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தோட்டத்துக் கதைன்னாலே கிராணி கெட்டவனா? எங்க தாத்தா கிராணிதான். வேற எழுது" என்றார்.

வேறு எழுதுகிறேன்:

கிராணி துணியைத் தூக்கிப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். சன்னாசியைப் பார்த்தார். "பஞ்சால வந்து சொன்னா, நீலாவதி கீர பறிக்கப் போயிருக்காளாமே" என்றார் மெதுவாக.

சன்னாசி கையிலிருந்த பிளக்கை மறுபடி தேய்த்தான். "ஆமாங்க."

கிராணி துணியைப் பழைய இடத்திலேயே போட்டார். ஆபீசர் பக்கம் திரும்பி மலாயில் ஏதோ சொன்னார். அப்புறம் உரக்க, "செல்ஃபயும் எறக்கிப் பாருடா, அதுலயும் கோளாறு இருக்கும்" என்றார்.

எனக்கு இந்தக் கிராணியைத்தான் பிடித்திருக்கிறது. நிஜத்தில் இப்படி இருந்திருப்பாரா என்று கேட்டால், எனக்குத் தெரியாது.

8

செல்ஃபை இறக்கியது வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. திரும்ப மாட்டிய பிறகுதான் சன்னாசி ஒரு தப்புப் பண்ணினான்.

வேலை நடக்கிற மாதிரிக் காட்ட வேண்டுமே. ஆபீசர் எழுந்து வரும்போதெல்லாம் பொத்தானை மிதித்தான். 'கிர்ர், கிர்ர்.' போய் உட்கார்ந்தார். மறுபடி வந்தார். 'கிர்ர், கிர்ர்.' பேட்டரி எவ்வளவு தாங்கும்? வெயில் சாயத் தொடங்கியபோது, 'கிர்...' என்றது. அடுத்த தடவை, 'டக்' என்றது. அதற்கப்புறம் ஒன்றுமே சொல்லவில்லை.

சாவி ஒன்றுதான் கோளாறாக இருந்தது. இப்போது செல்ஃபும் போயிற்று. அதையும் அவனே போக்கடித்துவிட்டான். இனி முன்னால் ஹேண்டிலைச் செருகிக் கையால்தான் சுற்ற வேண்டும். பேட்டரியில் துளி மிச்சமிருந்தால் பொறி வரும், இன்ஜின் பிடிக்கும். அதுவும் இல்லையென்றால் நாள் முழுக்கச் சுற்றினாலும் பிடிக்காது. மச்சானைக் காப்பாற்றப் போய், அவனே லாரியில் ஏற வேண்டியதுதான்.

லாரி பின்னால் வந்து நின்றுவிட்டது. ஆபீசர் கத்துவதை நிறுத்திவிட்டு, சன்னாசியையும் லாரியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"போதும்டா" என்றார் கிராணி, உதடு அசையாமல். "கெளப்பு."

சன்னாசி முன்பலகைக்குக் கீழே தலையை விட்டான். திருப்புளியால் ஒரு சுரண்டு சுரண்டினால் பொட்டு உதிர்ந்துவிடும், தகடு தொடும். திருப்புளியைக் கொண்டுபோனவன், நிறுத்திவிட்டான்.

9

உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்த இன்னொரு நிஜத்தை இங்கே சொல்ல வேண்டும்.

பாரோய் சந்தையில் என் கார் நின்றதற்குப் பொட்டு காரணமில்லை. அந்தப் பொட்டு இருந்துகொண்டேதான் என் கார் இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது. ஏனென்றால் அந்தச் சுவிட்சை ஒதுக்கிவிட்டு, பக்கத்திலேயே ஒரு கம்பியை யாரோ இழுத்துக் கட்டியிருந்தார்கள். மின்சாரம் சாவி வழியாகப் போகாமல் அந்தக் கம்பி வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அதன் முனை கழன்றதால்தான் நின்றேன். வாங்கிய நாளிலிருந்து என் காரில் சாவி வெறும் அலங்காரம். அணைக்க வேண்டுமென்றால் கீழே கையை விட்டுக் கம்பியைத் தட்டிவிட வேண்டும். இதை எந்த மடையன் செய்தான் என்று நான் திட்டாத நாளில்லை.

அந்தக் கம்பியின்மேல் துணி சுற்றியிருந்தது. எப்போதோ ரப்பர் பால் ஊறிக் காய்ந்த பழந்துணி, இப்போது கறுத்து இறுகிவிட்டது. மடிப்பைப் பிரித்தால் உள்ளே மட்டும் கொஞ்சம் பச்சை தெரிந்தது. சேலைக் கரை.

சுரண்டினால் நொடியில் முடிகிற வேலை. அதை விட்டுவிட்டு, எவனோ குனிந்து மடங்கிக் கம்பி தேடி, துணி கிழித்து, சுற்றிக் கட்டியிருக்கிறான். பெண்சாதி வைத்த பொட்டை அழிக்க அவனுக்குக் கை வரவில்லை. அதுவும் அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாத அந்த நேரத்தில்.

"ஏதாச்சும் மெக்கானிக் போட்டிருப்பான் லா" என்றார் தங்கராஜு. ஆனால் பொட்டைத் துடைக்கட்டுமா என்று நான் கேட்டபோது, அவரும் வேண்டாம் என்றுதான் சொன்னார். கம்பியின் முனையை மட்டும் இறுக்கிவிட்டேன்.

10

கம்பி இருப்பதால் ஒன்று தெரிகிறது. சன்னாசி அதைக் கட்டினான். அழுக்குத் துணியை எடுத்துப் பார்த்தான். சிவப்பு விளக்கு மங்கலாக, எரிகிறதா இல்லையா என்கிற மாதிரி எரிந்தது. பேட்டரியில் துளி மிச்சம் இருந்தது. ஹேண்டிலைச் செருகிவிட்டு, அதைப் பிடித்தபடி மலையைப் பார்த்தான்.

எப்போது கட்டினான், அந்த நேரத்தில் அவள் எங்கே இருந்தாள் என்பதைக் கம்பி சொல்லவில்லை.

நல்ல முடிவு ஒன்று எழுதிப் பார்த்தேன்: "நீலாவதி கிளாவாங் தோட்டத்து லயத்தை அடைந்தபோது மணியம் மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான். அக்காளைக் கண்டதும்..." கெட்ட முடிவும் ஒன்று எழுதினேன். அதைக் காட்ட மாட்டேன், கிழித்துப் போட்டுவிட்டேன். இரண்டிலும் என் கைதான் தெரிந்தது. சயாமுக்குப் போனவர்களுக்கு என் பேனா முடிவு எழுதவில்லை, போகாமல் தப்பித்தவர்களுக்கும் எழுதவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்தக் கதையை மூன்று தடவை தொடங்கி மூன்று தடவையும் நிறுத்தினேனே, எதற்கு என்று நினைத்தீர்கள்? மஞ்சைப் பற்றியும் மரவள்ளியைப் பற்றியும் என் வீட்டுக்காரரைப் பற்றியும் வளவளத்ததெல்லாம் எதற்கு? எழுதத் தெரியாமலா? 'விஷயத்துக்கு வாம்மா' என்று நீங்கள் எரிச்சலோடு தாண்டிய ஒவ்வொரு பத்தியிலும், கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருத்தி மலையேறிக்கொண்டிருந்தாள். சன்னாசி பிளக்கைக் கழற்றினான், நான் அடைப்புக்குறி போட்டேன். எங்களால் முடிந்தது அவ்வளவுதான்.

இதற்குமேல் என்னால் இழுக்க முடியாது. ஆபீசர் நெருங்கி வந்துவிட்டார். விளக்கும் மங்கிக்கொண்டே வருகிறது. இந்தாருங்கள், ஹேண்டில் இப்போது உங்கள் கையில். சுற்றாமல் விடாதீர்கள், சன்னாசி லாரிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறான். சுற்றத்தான் வேண்டும்.

ஆனால் அதற்கு முன்னால் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். மெதுவாக வந்தால் போதும்.